சஹனில் விழுந்த கோல்

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நேரில் போய்ப் பார்த்து வந்தவர் என்றோர் இனம் கண்டிப் பக்கம் நடமாடுகிறது. அடையாளம் காண்பது சுலபம். மழைக் குளிரில் கெலிஓயா பஸ்ஸே போர்த்திக்கொண்டு நடுங்க, சாரமும் அதற்கு மேலே கட்டாரில் வாங்கிய ஜேர்சியுமாக, கழுத்தில் ரசிகர் அட்டையையும் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், அவர்தான். போட்டி முடிந்து வருடங்கள் போய்விட்டனவே என்கிறீர்களா? அவருக்கு இன்னும் விசில் ஊதவில்லை.

இவர் எதையும் வெறுமனே பார்ப்பதில்லை, நேரில் பார்ப்பார். குண்டசாலையில் வாகன நெரிசலில் மாட்டிய கதையை நீங்கள் தொடங்கினால், அவர் தோஹா மெட்ரோவில் ஏறிவிடுவார். வெயில் என்றால் அங்கேதான் வெயில். ஏசி என்றாலும் அங்கேதான், அதுவும் மைதானத்துக்கே ஏசி. வீட்டில் இருந்து பார்த்த நம்மைக் கண்டால் மட்டும் ஓர் இரக்கம் வரும். "டீவியில என்னத்த தெரியிற? பந்து போற பக்கம் மட்டும் தானே" என்பார். பந்து போகாத பக்கத்தில் அப்படி என்னதான் இருந்தது? கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

இந்த இனத்தில் நான் அறிந்தவர், கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நுஸ்கி நாநா. (எங்கள் பக்கம் அண்ணன் நாநா, அக்கா தாத்தா.) மனைவி ரபீகாவின் தம்பி அஷ்பாக்கிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் போய், ஒரேயொரு மெச் பார்த்து, ஒரேயொரு கோலோடு திரும்பியவர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரைப் பார்க்கப் போவதுபோல் சனம் போனது. அவரும் வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்துக் கோலைச் சொன்னார். பேரீச்சம்பழம் முடிந்தது. கோல் முடியவில்லை.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் அவரோடு ஒரே சஹனில் மாட்டிக்கொண்டேன். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு அது. ஒருவர் கையை வைத்து மறித்தால் ஐந்து பேர் பட்டினி. பக்கத்தில் அஷ்பாக். எதிரே உதைபந்தாட்டக் கழகத் தலைவர் ஹுஸைன் ஹாஜியார். கழகத்தின் இறுதிப் போட்டிக்கு அவர் ஒரு பிரதம விருந்தினரைத் தேடுகிறார் என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கதிரையில் உட்கார நினைத்து நுஸ்கி நாநா தூக்கம் கெட்டுக் கிடக்கிறார் என்பதும்தான்.

மூடியைத் திறந்ததுமே ஆட்டம் தொடங்கியது. சோறு மைதானம். அவித்த முட்டைப் பாதிகள் இரண்டும் கோல் கம்பம். பொரித்த கோழித் துண்டுகள் பின்வரிசை. உலர்ந்த திராட்சை பந்து.

"ஹாஜியார், கோழியத் தொடவாணாம். அவன் டிஃபெண்டர்."

"சோறு ஆறுது நுஸ்கி."

"கொஞ்சம் பொறுங்கொ. இந்தா, இவன் வலப்பக்கத்தால வாறான்..."

திராட்சை கோழியைச் சுற்றி வளைந்து, சீனிச் சம்பலில் தடுக்கி, கம்பத்தை நெருங்கிய கட்டத்தில், அஷ்பாக் வாயைத் திறந்தார். பசி பொல்லாதது.

"மச்சான், கோல் அடிக்கக்குள்ள நீங்க எங்களோட போன்ல தானே ஈந்த?"

அஷ்பாக் அதோடு நிறுத்தவில்லை.

"ரபீகா தாத்தாவும் நானும் டீவிக்கு முன்னுக்கு. நீங்க மைதானத்துக்கு முதுகக் காட்டிக்கொண்டு, 'டீவியில நான் தெரியிறனா, நல்லாப் பாரு' எண்டு கேட்டுக்கொண்டு ஈந்த. தாத்தா 'திரும்புங்கொ, திரும்புங்கொ' எண்டு கத்தினா. நீங்க திரும்பக்குள்ள அவனுகள் கட்டிப் புடிச்சு முடிஞ்சி."

திராட்சை விரலோடு நின்றுவிட்டது. பிரதம விருந்தினர் கதிரை கண்முன்னே கவிழ்ந்தது. ஆனால் இந்த இனம் லேசில் தோற்காது.

"சத்தத்த நேர்ல கேட்ட தானே" என்றார் நுஸ்கி நாநா.

ஹுஸைன் ஹாஜியார் ஒரு டிஃபெண்டரை எடுத்து வாயில் போட்டுச் சாவகாசமாக மென்றார்.

"பிரதம விருந்தினர் எண்டா மாலையப் போட்டுக்கொண்டு, போன்ல பேசிக்கொண்டு ஈக்கோணும். கடைசியில கப்பக் குடுக்கோணும். இதுவரைக்கும் வந்த ஒருத்தரும் மெச்சப் பாத்ததில்ல. உங்களுக்கு அனுபவமும் ஈக்கி. நீங்களே வாங்கொ."

கோல் கம்பங்களை நாங்கள் சாப்பிட்டோம். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்ததும் நுஸ்கி நாநா அதில் மறுபடியும் ஆட்டத்தைத் தொடங்கினார்.

இப்படிப்பட்டவர்களைக் கண்டால் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போய்விடுங்கள் என்றுதான் முடிக்க இருந்தேன். அதற்கு முன் ஒன்று. நீங்கள் கடைசியாகப் போன கல்யாணத்தில், மாப்பிள்ளை உள்ளே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாரா, முறைத்துக்கொண்டு வந்தாரா?

போனை எடுக்காமல் சொல்லுங்கள்.