பர்மனென்ட்டின் லீவு லெட்டர்

தனக்குத்தானே லீவு லெட்டர் எழுதி, தானே அதை நிராகரித்து, அந்தக் கோபத்தில் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். மந்தாரக்குப்பத்தில் என் இட்லி மாவுக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். எல்லாரும் பர்மனென்ட் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க எனக்கு நேரமில்லை. அப்போதெல்லாம் எனக்கு எதற்குமே நேரமில்லை.

நிலக்கரி மைன்ஸில் பல வருஷம் கான்ட்ராக்ட் கூலியாக உழைத்து, பர்மனென்ட் ஆகாமலேயே வெளியே வந்தவர். மோட்டார் காயில் கட்டும் கடை போட்ட முதல் நாளே, தனக்கு ஒரு நியமன உத்தரவு எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். காலை எட்டு முதல் நாலு வரை ஒரே ஷிப்ட். செவ்வாய் வார விடுமுறை. நாலு மணி ஆனால் பாதி சுற்றிய காயிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"அண்ணே, இன்னும் பத்து சுத்துதானே, முடிச்சிட்டுப் போங்களேன்."

"ஓவர்டைம் நிர்வாகம் தராதும்மா."

"நிர்வாகமே நீங்கதானேண்ணே?"

"அதான் சொல்றேன். அவனப் பத்தி எனக்குத் தெரியாதா?"

குறிஞ்சிப்பாடியில் தங்கை மகள் கல்யாணம். முறைப்படி லெட்டர் எழுதினார். 'பணி நெருக்கடி' என்று குறித்து முறைப்படி மறுத்தார். போகவே இல்லை. தங்கை வந்து திட்டித் தீர்த்தபோது, "என் கையில என்னா இருக்கு?" என்றார். மறுவாரம் தன் கடைக்கு எதிரே தனியாளாக நின்று, சங்கத்துக்காரர்கள் மாதிரி கோஷம் போட்டு வாயிற்கூட்டம் நடத்தினார். பிறகு பேச்சுவார்த்தைக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார். மாவு வழிகிறது என்று சொல்லிவிட்டேன். போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் கதை வேறு. வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு ஆரம்பித்த கடை. ஒரு நாள் மூடினாலும் டவுன்ஷிப் வாடிக்கை எல்லாம் வேறு கடைக்குப் போய்விடும் என்று அப்படி ஒரு பயம். மூன்று வருஷம் ஒரு நாள்கூட மூடவில்லை. தூக்கமில்லாமல், போட்ட உப்பையே மறுபடி போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்ற என் மகளைப் பார்த்து, "எத்தன பாக்கெட்டுங்க?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய் மத்தியானம், ஓடுகிற கிரைண்டர் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டேன். முந்தானை உள்ளே போய்விட்டது. கழுத்து இறுகி விழித்தபோது கிரைண்டர் நின்றிருந்தது. பிடுங்கிய பிளக்கோடு பர்மனென்ட் நின்றார். விடுமுறை நாளிலும் தன் கடைப் படியில்தான் உட்கார்ந்திருப்பார், போக வேறு இடமில்லாத மனிதர்.

என் கடை ஷட்டரை இறக்கி, தன் 'விடுமுறை' பலகையை அதில் மாட்டினார்.

"தொறங்கண்ணே. வாடிக்க போயிட்டா எங்க வூட்டுல அடுப்பு எரியாது" என்று அழுதேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். மனைவிக்கு உடல்நிலை மோசம், இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று இருந்தது.

"இத நான் குடுக்கவே இல்லம்மா. லீவு கேட்டா கான்ட்ராக்டரு நாளைலேந்து வராதன்னு சொல்லிடுவான்னு பயம். பயந்துகினே மொத ஷிப்ட்டு போயிட்டேன். ஷிப்ட்டு முடியறதுக்குள்ள அவ உசுரு பூடுச்சு."

பிறகு புதுத் தாளில் என் பெயருக்குப் பத்து நாள் லீவு எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதினார்.

அந்தப் பத்து நாளில் நாலு வீடு வேறு கடைக்குப் போனது உண்மைதான். மற்றவர்கள், "உடம்பு தேவலையா?" என்று கேட்டுக்கொண்டே பையை நீட்டினார்கள்.

அதிலிருந்து செவ்வாய் எனக்கும் விடுமுறை. ஆனால் திங்கள்தோறும் அவரிடம் லெட்டர் கொடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார்.

"காரணம், 'சும்மா இருக்க'ன்னு எழுதியிருக்கியேம்மா?"

"அதுதான் நெஜம்ணே."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை அவர் கடை திறக்கவில்லை. லெட்டர் எழுதாமல் லீவு எடுக்கிற ஆளில்லையே என்று, எட்டு அடித்து ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் அவர் வீட்டுக்கு ஓடினேன். முந்தின நாள் மதியத் தூக்கத்திலேயே போயிருந்தார். அதற்கும் வார விடுமுறையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. திங்கள் சாயங்காலம் லெட்டர் எழுதி ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வருகிறேன். காரணத்தை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்: அண்ணனை நினைத்துக்கொண்டு சும்மா இருக்க.