நூறு விழுக்காடு அமர்வு

உலக நிர்வாக வரலாறு இரண்டு பாகம். எங்கள் கஃபர் மர்ஜான் ஊரின் பிறப்பு இறப்புப் பதிவகத்துக்கு லினக்ஸ் கணினிகள் வருமுன் ஒன்று, வந்தபின் ஒன்று. இரண்டாம் பாகத்தில் துணை இயக்குநராக 'உழைக்கும்' பேறு எனக்குக் கிடைத்தது.

இயக்குநர் உஸ்தாத் (எங்கள் ஊர் 'ஐயா') ரிஃப்அத் தொலைநோக்குள்ளவர். கடவுச்சொல்லைத் தட்டினால் ஒவ்வொருவருக்கும் திறக்கும் கணினித் திரைக்கு 'அமர்வு' என்று பெயர் என அறிந்த அன்றே வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுச் சுற்றறிக்கை விட்டார்: "அமர்வு திறந்திருப்பின் ஊழியர் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்க."

ஒரே இடையூறு. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அமர்வு தானே மூடிக்கொண்டது. எதிர்க்கடைத் தேநீர் பத்து நிமிடத்தில் முடிகிற காரியமா? பொறியாளர் ரஷாவை அழைத்தோம். காலை எட்டுக்குக் கணினிகள் தாமே விழிக்க வேண்டும். கடவுச்சொல் கேட்காமல் அவரவர் அமர்வைத் திறக்க வேண்டும். இரண்டு மணிவரை கண்ணயரக் கூடாது என்று விளக்கினோம்.

"அப்போ ஆள் வந்தாரா இல்லையான்னு எப்படி உஸ்தாத் தெரியும்?" என்றாள் அவள்.

"அதான் கம்ப்யூட்டர் சொல்லுதேம்மா" என்றார் அவர், பொறுமையாக.

எழுத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு அரை மணியில் முடித்துக் கொடுத்தாள். மறுநாளே அலுவலகம் நிரம்பி வழிந்தது, திரைகளில். விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில்கூட எவரும் வராமல் இருக்கவில்லை.

இந்தத் தூய வெள்ளையில் ஒரு கறை உண்டென்றால் அது சான்றிதழ் எழுதும் மேடம் நஜாத். அந்த அம்மாள் தானியங்கி அமர்வை மறுத்துவிட்டார். ஜன்னலுக்குப் போகும்போதெல்லாம் தம் அமர்வை மூடிவிட்டுப் போனார். நாள் முழுக்க ஜன்னலில் மக்கள் வரிசை. ஆகவே பல நாட்கள் கணக்கில் அவர் 'வரவில்லை'. விசாரணை வைத்தோம். வேலையே போகலாம் என்று எச்சரித்தோம்.

"என் பேர்ல தொறந்து போட்டுட்டுப் போனா, எவனாவது உக்காந்து உசுரோட இருக்கறவனச் சாகடிச்சிருவான். நான் ஜன்னல்லதான் நிக்கிறேன். வரிசையில கேளுங்க" என்றார்.

நிற்பது அமர்வாகாது என்று உஸ்தாத் தீர்ப்பளித்தார்.

செப்டம்பரில் சிறந்த ஊழியருக்கான விழா நடந்தது. ஒரு தட்டு நிறைய பஸ்பூசா இனிப்பு வந்தது. ஆறு மாதமாக ஒரு நிமிடமும் எழாதவர் யார் என்று கணினியே தேர்ந்தெடுத்தது: எங்கள் எழுத்தர் உஸ்தாத் ஷவ்கி. மூன்று முறை அழைத்தோம். தேநீர்க் கடையில் இருப்பார் என்று நானே ஆளனுப்பப் போனேன்.

"அவர் மார்ச் மாசமே போய்ச் சேந்துட்டார். சர்டிபிகேட் நான்தான் எழுதினேன்" என்றார் மேடம் நஜாத்.

இயக்குநர் கலங்கவில்லை. ஆவணத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அந்தத் தேதியில் ஷவ்கி 'இருந்தார்'. மேடம் நஜாத் 'வரவில்லை'. வராதவர் எழுதிய சான்றிதழ் எப்படிச் செல்லும்? மரணத்தை ரத்து செய்து, பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்து, நானே கையெழுத்திட்டேன். கைதட்டினோம். பஸ்பூசா சுற்றி வந்தது.

மேடம் நஜாத் இறப்புப் பதிவேட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"சரி உஸ்தாத். இந்த ரூம்ல மிச்சம் யார் யாரு உசுரோட இருக்கீங்க? சொன்னீங்கன்னா மத்தவங்கள எழுதிருவேன்."

கணினியைக் கேட்டு எழுத்துமூலம் தெரிவிப்பதாகப் பதிலளித்தேன்.