ஏழு ரேடியோவும் ஒரு பீரங்கியும்

உயிரே போனாலும் என் அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாதது அது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். என் மனைவி வீட்டின் முன்பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் அள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் நடப்பதற்குத்தான் காப்பகம் என்று பெயர். என் காதுக்கு அது கலவரம்.

நான் ரேடியோ மெக்கானிக். கடையை மூடியதும், மிச்சமிருந்த ஏழு பழைய ரேடியோக்களோடு பின்னறையில் குடியேறிவிட்டேன். ஒன்றைப் பிரிப்பேன், பூட்டுவேன், பாட வைப்பேன். போரடித்தால் மறுபடி பிரிப்பேன். பக்கத்திலேயே சாய்வு நாற்காலி. ராஜ வாழ்க்கை!

அதில் அரசாங்கம் மண்ணைப் போட்டது. காப்பகங்களைப் பெரிதாக்க மானியம் தருகிறார்களாம். தொட்டில், விளையாட்டுச் சாமான், உதவி ஆளுக்குச் சம்பளம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. குழந்தைகள் தூங்கத் தனி அறை மட்டும் நாம் காட்ட வேண்டும்.

"என்னங்க, நம்ம வீட்ல ஒரு அறை சும்மாதானே கிடக்கு?"

"எந்த அறை?"

"நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதான்."

"நான் இருக்கிறப்போ அது எப்படி சும்மா கிடக்கும்?"

அவள் என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். பதிலே சொல்லியிருக்கலாம்.

அவளுக்கு இது விளையாட்டில்லை என்பது எனக்கும் தெரியும். தினமும் காலையில் யாராவது ஒரு அம்மாவிடம் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வருவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. முந்தாநாள் ஒரு நர்ஸம்மா, கைக்குழந்தையோடு வந்தாள். இங்கே இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கம் வேறு, அறை வேறு அல்லவா?

மனைவியிடம் நேராக 'முடியாது' என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? அதனால் திட்டம் போட்டேன். ஏழு ரேடியோவையும் ஒரே சுவிட்சில் இணைத்தேன். அதிகாரி அறையைப் பார்க்க வருவார். என் கதவு திறந்தால் ஊருக்கே கேட்கும்படி கிரீச்சிடும். அது கிரீச்சிட்ட அடுத்த நொடி சுவிட்சைத் தட்டுவேன். ஏழும் ஏழு பக்கம் அலறும். 'சத்தம் அதிகம், குழந்தைகளுக்கு ஆகாது' என்று எழுதிவிட்டு அவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். பழி ரேடியோ மேல். நான் பாவம், அப்பாவி.

மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, கதவைக் கிரீச்சிட வைத்து, சுவிட்சைத் தட்டி ஒத்திகையும் நடத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா வாளியைக் கீழே போட்டதிலேயே வெற்றி உறுதியாகிவிட்டது.

அதிகாரி வரும் நாள். காலையிலேயே மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு என் கதவருகில் நின்றாள்.

"என்ன பண்றே?"

"உங்க கதவு ரொம்ப நாளா அழுதுட்டே இருக்குங்க. பாவமா இருந்துது."

என் கதவுக்காகக்கூட இரக்கப்படுகிறாளே என்று உருகிப் போனேன். ஏமாளிக்குக் கொம்பா முளைத்திருக்கும்?

மதியச் சாப்பாடு முடிந்ததும் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் ஓட்டுகிற அம்மாவின் மகள். இரண்டு வயசு. அழ ஆரம்பித்தால் ஓடு பறக்கும், அதனால் நான் வைத்த பெயர் அது.

"இது யார்கிட்டயும் தூங்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்களேன்."

"எனக்கு வேலை இருக்கு."

"தெரியும். வேலையைப் பார்த்துக்கிட்டே வெச்சுக்கோங்க."

பீரங்கி என் நெஞ்சில் கவிழ்ந்து படுத்தது. ஒரு கை விரலை வாயில் போட்டுக்கொண்டது, இன்னொரு கையால் என் காதைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் முனகியது. நான் முதுகைத் தட்டினேன். தட்டத் தட்ட அந்தச் சின்ன உடம்பு தளர்ந்து, சூடாக, முழுப் பாரத்தையும் என் மேல் போட்டுவிட்டுத் தூங்கிப்போனது. யாரும் என்னை இவ்வளவு நம்பி ரொம்ப நாளாகிவிட்டது. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அதிகாரியம்மா நிற்கிறார்! பக்கத்தில் என் மனைவி. கதவு துளிகூட முனகவில்லை.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினேன். விரல் சுவிட்சைத் தொட்டுவிட்டது. பீரங்கி தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, என் காதை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

கை தானாகத் திரும்பி வந்து அதன் முதுகைத் தட்டியது.

"ஐயா, இந்த அறையில சத்தம் ஏதாவது..." என்று ஆரம்பித்தார் அதிகாரியம்மா.

"உஷ்ஷ்! மெதுவாப் பேசுங்கம்மா. இப்பத்தான் கண்ணசந்துச்சு!"

சொன்னது சாட்சாத் நானேதான்.

அவர் குரலைத் தாழ்த்தி என் மனைவியிடம் கேட்டார். "ஐயாவும் இங்க வேலை பார்க்கிறாரா?"

"இன்னிக்குத்தான் சேர்ந்திருக்கார்."

சாயங்காலம் கடைசிக் குழந்தையும் போன பிறகு மனைவி வந்து உட்கார்ந்தாள். மானியத்துக்கு அறை சரி என்று அதிகாரியம்மா சொல்லிவிட்டாராம். முதல் வேலையாக நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாளாம். "அந்தப் பொண்ணு போன்லயே அழுதுடுச்சுங்க" என்று இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இதற்கு ஒரு அறையென்ன, கூரையையே கொடுக்கலாம் போலிருந்தது.

இருந்தாலும் என் தியாகம் வெளியே தெரிய வேண்டாமா? தொண்டையைச் செருமினேன்.

"இதெல்லாம் யாரால? நான் மட்டும் அந்தச் சுவிட்சைப் போட்டிருந்தா உன் மானியம் அம்பேல்! போகட்டும்னு நான்தான் பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்."

"ஆமாங்க" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது என் அறை ஃப்யூஸ்.

"இது எப்போ..."

"மதியம் நீங்க சாப்பிடுறப்பவே எடுத்துட்டேன். ஒத்திகை பார்த்தீங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

"அப்போ கட்டின புருஷனை நீ நம்பல!"

"நம்பாமலா குழந்தையைக் கையில குடுத்தேன்?" என்று என் காதைச் செல்லமாகப் பிடித்தாள். "உங்களை நம்பினேங்க. ரேடியோவைத்தான் நம்பல."