பழைய மேனேஜரின் கைபேசி எண்

விண்ணப்பத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாகிவிட்டது. கடைசிக் கட்டம்தான் கழுத்தை அறுத்தது. 'முன்பு வேலை பார்த்த இடத்தின் மேனேஜர் பெயர், கைபேசி எண்.'

ஃபேன் கம்பெனி குடோனில் பதினான்கு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர் அவர். கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகிறது. அன்றோடு அவருடைய மேனேஜரும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பாவம், அந்த மனுஷனும் எங்கேயோ உட்கார்ந்து இதே கட்டத்தை முறைத்துக்கொண்டிருப்பார். முப்பத்தோரு இடத்தில் வேலை கேட்டு, முப்பத்தோரு இடத்திலும் இல்லை என்றாகிவிட்டது. இது ஃபிரிட்ஜ் கம்பெனியின் குடோன். இதுவும் கைவிட்டால், கேட்பதற்கு இனி இடமே கிடையாது.

"எங்க அண்ணன் நம்பரைப் போடுங்க," என்றாள் மனைவி. "நல்லாப் பேசுவாரு."

நல்லாத்தான் பேசினார். ஒத்திகை பார்க்கலாமே என்று ஸ்டோர்கீப்பர் கம்பெனி ஆள் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு மச்சானைக் கூப்பிட்டார்.

"ஆள் எப்படிங்க?"

"தங்கமான ஆள் சார். பொறுப்பு, பொறுமை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. அதை நம்பித்தானே சார் என் தங்கச்சியையே கட்டிக் கொடுத்தேன்."

ஸ்டோர்கீப்பர் போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ என் நம்பரைப் போடுங்க," என்றாள் மனைவி. "நான் இப்படி உளற மாட்டேன்."

"உனக்கு ஸ்டோரைப் பத்தி என்ன தெரியும்?"

"சொல்லிக் கொடுங்க."

அவள் நம்பரையே எழுதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். இன்டர்வியூவுக்கு அவர் தயாராக வேண்டிய மூன்று வாரமும் அவளைத் தயார் செய்வதிலேயே போயிற்று. அவள் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டாள். சமையலறை அலமாரியைக் காலி செய்து ரேக் மாதிரி அடுக்கிப் பார்த்தாள். பத்தாவது நாள் கேள்வி கேட்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

"ரெஜிஸ்டர்ல நூறு இருக்கு, ரேக்ல தொண்ணூறுதான் இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"மறுபடி எண்ணுவேன்."

"அப்பவும் தொண்ணூறுதான்."

"இன்னொரு தடவை எண்ணுவேன்."

"விளங்கும். மொதல்ல கேட்டை மூடச் சொல்லணும்ங்க. அப்புறம் அன்னைக்கு வெளிய போன பில்லை எல்லாம் வாங்கிப் பார்க்கணும். நீங்க எண்ணிக்கிட்டே இருந்தா மிச்சமும் போயிடும்."

பதினான்கு வருஷத்தில் இது அவருக்குத் தோன்றியதே இல்லை. ஃபேன் கம்பெனியை ஏன் மூடினார்கள் என்பது லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது. அவர் அதைப் புரிந்துகொள்ள விரும்பவில்லை.

இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் முதல் கேள்வியாக அந்த நூறையும் தொண்ணூறையும்தான் கேட்டார். பதில் தெரியும். ஆனால் அது மனைவியின் குரலிலேயே காதுக்குள் ஓடியது, வாய்க்கு வரவில்லை.

"எங்க மேனேஜரைக் கேட்டா கரெக்டாச் சொல்லுவாங்க சார்."

"சரி, நனைஞ்ச சரக்கு வந்து இறங்குனா?"

"அதுவும் அவங்களைத்தான் கேக்கணும் சார்."

"உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"அவங்க நம்பர் தெரியும் சார்."

நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டி அந்த நம்பரைக் குறித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் அவர் உட்கார்ந்தே இருந்தார். இரண்டு பஸ் வந்து போயிற்று. தான் எதற்கும் லாயக்கில்லை என்று எட்டு மாதமாக இருந்த சந்தேகம் இன்று தீர்ந்துவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால், உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்... இல்ல சார், பழைய சரக்கு முன்னாடி, புதுசு பின்னாடி. அதுல நான் விட்டே குடுக்க மாட்டேன் சார்..."

முக்கால் மணி நேரம் பேசினாள். கதவோரம் நின்று கேட்டவருக்கு, போன உயிர் பாதி திரும்பி வந்தது. இவ்வளவு நேரம் விசாரிக்கிறார்கள் என்றால் சும்மாவா?

வெளியே வந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களைப் பத்தி ஒரு குறையும் சொல்லலங்க," என்றாள்.

பிறகு அவரைக் கூப்பிட்டு, வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். குக்கரை எத்தனை விசிலில் இறக்க வேண்டும் என்றும் சொன்னாள், அவரையே ஒரு தடவை திருப்பிச் சொல்லவும் வைத்தாள். நம் மனசை வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறாள், நல்லவள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு அவருடைய போன் அடித்தது. ஃபிரிட்ஜ் கம்பெனி ஆபீஸில் டைப் அடிக்கும் பெண்.

"சொல்லுங்கம்மா," என்று எழுந்து நின்றார்.

"சார், அந்த வேலைக்கு உங்க பழைய மேனேஜரையே எடுத்துட்டோம், நாளைக்குக் காலையில சேர்றாங்க. உங்களைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு சொன்னாங்க சார், உங்களுக்கு வேற வேலை பார்த்து வச்சிருக்காங்களாம், ட்ரெயினிங் கூட இன்னைக்கே ஆரம்பிச்சிடறாங்களாம்."