போர்டு அண்ணன் விட்ட காலி இடம்

எங்கள் லோரி கம்பெனியில் நாளைக்கு என்ன நடக்கும் என்பது கடவுளுக்குத் தெரியும். அவருக்கும் கொஞ்சம் முன்னால் போர்டு அண்ணனுக்குத் தெரிந்துவிடும். பாசீர் கூடாங்கில் இருந்த அந்த ஆபீஸில் இதை யாரும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

எந்த லோரி எங்கே போக வேண்டும், யார் எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. சுவரை அடைத்து ஒரு வெள்ளைப் பலகை; அவர் பேரே அதிலிருந்து வந்ததுதான். அதில் ஆளுக்கு ஒரு வரிசை, காலை முதல் மாலை வரை கட்டம் கட்டமாக வேலை. நாங்கள் உள்ளே நுழையும்போதே எழுதி முடித்திருப்பார். அவர் ஆபீஸுக்கு வருவதை ஒருத்தரும் பார்த்ததில்லை. நடந்தால் சத்தம் கேட்காது. திரும்பினால் தைல வாசனையோடு முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

பலகையில் தேத்தண்ணி குடிக்க இடம் உண்டு, வம்பு பேசவும் இடம் உண்டு. ஒருநாள் கணக்கரின் வரிசையில் ‘கொட்டாவி’ என்று எழுதியிருந்தார். கணக்கர் அதைப் படித்துவிட்டு வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் வந்தது. கொட்டாவியும் வந்தது.

ஆனால் ஒவ்வொருவர் வரிசையிலும் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விடுவார்.

“இது எதுக்குண்ணே?” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“வர்றதுக்கு.”

“என்ன வரும்?”

“வந்தா தெரியும்லா.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று என்னுடைய காலிக் கட்டத்து நேரத்தில் போன் அடித்தது. தங்கைக்குப் பிரசவ வலி. கையில் வேலை எதுவும் இல்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்று பார்த்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போர்டு அண்ணன் என் மத்தியான வேலைகளை அழித்து நாளைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நான் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வழியே இல்லை.

மேனேஜர் மேடத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சீனப் பெண்மணி, படு சுறுசுறுப்பு. “காலியா விட்டா வேலை எப்படி நடக்கும்?” என்று மலாயில் கடிந்துகொண்டு, தன் காலிக் கட்டத்தில் ‘மீட்டிங்’ என்று எழுதினார். அந்த மீட்டிங்குக்கு நாங்கள் நாற்காலியை இழுப்பதற்குள் மழையில் ஊறிப்போன கூரைப் பலகை ஒன்று பொத்தென்று அவர் இருக்கையில் விழுந்தது. “அலமாக்” என்று அலறிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரத்தில் போர்டு அண்ணன் துடைப்பத்தோடு உள்ளே வந்தார். துடைப்பம் இருப்பதோ பின்பக்கக் கொட்டகையில்.

மெர்சிங் பக்கம் லோரி ஓட்டும் அன்வர் பாய் அதற்குப் பிறகு பலகையைப் பார்த்து, ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். ஒருமுறை கோத்தா திங்கி தாண்டியதும் தன் காலிக் கட்டம் வருகிறது என்று ஓரமாக நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாராம். திறந்தபோது எதிரே யானைக் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. எத்தனை யானை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாகச் சொல்வார்.

அண்ணனின் சொந்த வரிசையில் மட்டும் ஓர் ஊசி நுழைய இடம் இருக்காது. அவ்வளவு வேலை.

ஒருநாள் காலை, அந்த வரிசை முழுவதும் காலியாகக் கிடந்தது.

ஒரு கட்டத்துக்கே கூரை விழுந்தது; முழு வரிசைக்கு என்ன வருமோ? அன்வர் பாய் எடுத்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

“பாய், மெர்சிங் லோடு?” என்றேன்.

“வேற ஆள் போகட்டும்.”

அண்ணன் முழங்கால்மேல் கைகளை வைத்து, பலகையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தேத்தண்ணிக்கு எழுந்தால் மூன்று பேர் எழுந்தோம். மேடமே கொண்டுவந்து கொடுத்தார், முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு. கூரையின் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து அண்ணனின் நாற்காலியை, ஆளோடு சேர்த்து, நகர்த்தினோம். கழிவறைக்குப் போனால் வெளியே அன்வர் பாய் இருமிக்கொண்டே நின்றார்; பதிலுக்கு உள்ளேயிருந்தும் ஓர் இருமல் வரும்வரை பாய்க்கு உயிர் வரவில்லை. மத்தியானம் அண்ணன் கொஞ்சம் கண்ணயர்ந்தபோது, சட்டைப் பை ஏறி இறங்குகிறதா என்று ஆபீஸே பார்த்தது.

சாயங்காலம் வந்தது. ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

“அண்ணே, வந்துருச்சா?” என்று அன்வர் பாய் மெல்லக் கேட்டார்.

“எது?”

“வர வேண்டியது.”

போர்டு அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அடுத்த மாசம் வேலையை விட்டு நிக்கிறேன், பாய். வயசாச்சு. ஒரு நாள் பூரா ஒண்ணும் செய்யாம உக்கார முடியுதான்னு பாத்தேன்.”

“முடிஞ்சுதா?”

“நீங்க எங்க விட்டீங்க? ஒரு நிமிஷம் தனியா இருக்க முடியல.” பலகையில் தன் காலி வரிசையைப் பார்த்தார். “இனிமே தனியா உக்காரணும்னு நெனச்சா பயமாத்தான்லா இருக்கு.”

அவர் பயம் என்று சொல்லி அன்றுதான் கேட்டோம். பேச்சை மாற்ற, காலிக் கட்டத்தின் ரகசியத்தைக் கேட்டேன்.

“எல்லாருக்கும் தினம் ஏதாவது ஒண்ணு வரும், தம்பி. அதுக்கு இடம் விட்டு வேலையை அடுக்கணும். இல்லாட்டி மொத்த நாளும் சரிஞ்சிடும். வேற ஒண்ணும் இல்ல.”

“அப்போ அன்னிக்கித் துடைப்பம்?”

அண்ணன் எழுந்து, சத்தமில்லாமல் போய்விட்டார்.

இப்போது லாபிஸில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். வாரத்துக்கு ஒருவராவது அவரைப் பார்த்துவிட்டு வருகிறோம். யாரும் திட்டம் போட்டதில்லை. மறுநாள் ஆபீஸில் கேட்டால், “போற வழிதானே, எட்டிப் பாத்தேன்” என்போம். அன்வர் பாய் சொல்வார், மேடமும் சொல்வார். லாபிஸ் எங்களில் யாருக்கும் போகிற வழியில் இல்லை.