மச்சானின் குரலுக்குப் பதினைந்து வெட்டு

ஒரு துறையைப் பற்றி ஒரேயொரு புத்தகம் படித்தவனிடம் எந்த இயந்திரத்தையும் தனியாக விட்டுப் போகக்கூடாது. (நான் அந்தப் புத்தகத்தையும் முக்கால்வாசிதான் படித்திருந்தேன்.)

சில வருடங்களுக்கு முன், மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவிலில் புராணப் படிப்பு. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். அந்த முறை வாசித்தவர் என் மனைவியின் தமையன் சிவநேசன். முதல் வாசிப்பு. ஆறு மாதமாகக் கிணற்றடியில் பயிற்சி எடுத்திருந்தார். சபையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முழங்கால் வருத்தத்தால் வீட்டோடு இருக்கும் என் மாமி, கோவில் வேம்பில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக மகனின் குரலைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

“மச்சான், சத்தம் வீடுவரைக்கும் போகுதோ எண்டு ஒருக்காப் பாரும்,” என்றார். பார்க்கத்தான் சொன்னார்.

வாசிப்புத் தொடங்கியதும் ஒலிபெருக்கிக்காரர் ராசன் அண்ணை தேத்தண்ணி குடிக்க எழும்பினார். “தம்பி, பயன் சொல்லுற வாத்தியாருக்கு வேறை மைக். உந்த ஈக்குவலைசர் வாசிக்கிறவருக்கு மட்டும். எல்லாம் நடுவிலை நிக்குது. நிக்கட்டும். கை வைக்காதையும்.”

“ஓம், ஓம்.”

ஈக்குவலைசர் பெட்டியில் ஏற்றி இறக்கும் பதினைந்து குமிழ்கள். இடப்பக்கம் குரலின் தடிப்பு, வலப்பக்கம் கீச்சு. மச்சானின் குரல் மூக்கால் வருவதுபோல எனக்குப் பட்டது. நான் படித்த ஒலியமைப்புப் புத்தகத்தில் வழி இருந்தது: ஒரு குமிழை மேலே தள்ளு; குரல் அசிங்கமானால் குற்றம் அங்கேதான்; அதைக் கீழே இழு.

முதலாவதைத் தள்ளினேன். பானைக்குள் இருந்து கதைப்பதுபோல அசிங்கம். இழுத்தேன். இரண்டாவதும் அசிங்கம். ஏழாவதைத் தள்ள, ஒலிபெருக்கி ‘கூ’ என்று ஊளையிட்டது. வாசலில் படுத்திருந்த நாய் பதில் கொடுத்தது. மச்சான் திடுக்கிட்டு ஒரே வரியை இரண்டுதரம் வாசித்தார். கடைசியில் பதினைந்தும் அசிங்கம். பதினைந்தையும் அடிமட்டம்வரை இழுத்தேன். (எதைத் தூக்கினாலும் எவர் குரலும் அசிங்கமாகும், ஒன்றிரண்டோடு நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் நான் படிக்காத கால்வாசியில் இருந்தது.)

பிறகு கேட்டால், என்ன தெளிவு! மைக்கே இல்லாததுபோல இயல்பான குரல். கண்ணை மூடி இரசித்தேன். மச்சானுக்கு மூன்று முழம் தள்ளி இருந்த எனக்கு, அது அவர் வாயிலிருந்து நேரே வருகிறது என்று தோன்றவேயில்லை.

ராசன் அண்ணை சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார்.

“ஐசே, வெளியிலை பயன் மட்டும்தான் கேக்குது! வாத்தியார் தனியக் கதைக்கிறமாதிரிக் கிடக்கு. என்ன செய்தனீர்?”

“திருத்தினனான்.”

அவர் பதினைந்தையும் நடுவுக்குக் கொண்டுவர, மச்சான் வாசிப்பை முடித்துப் புராணப் புத்தகத்தை மூடிக் கும்பிட்டார். அப்போது விட்ட பெருமூச்சு மட்டும் வீடுவரை தெளிவாகப் போனதாம்.

வீட்டுக்குப் போனோம். மாமி கதிரையில் தலைவாரிப் பொட்டிட்டு உட்கார்ந்திருந்தார்.

“முதல்லை ஆரோ பானைக்குள்ளை இருந்து கத்தினது. பிறகு பயன் நல்ல வடிவாய்க் கேட்டுது. பிள்ளை எப்ப வாசிக்கப்போறான்?”

மச்சான் என்னைப் பார்த்தார். தாயின் பக்கத்தில் அமர்ந்து முதலிலிருந்து முழுவதையும் வாசித்தார். மாமி இரண்டு இடத்தில் பிழை திருத்தினார்.

இப்போது ஒவ்வொரு வருடமும் கோவிலில் ஒருதரம், வீட்டில் ஒருதரம் வாசிப்பு. வீட்டு வாசிப்புக்கு நான் போய் இருந்ததும் மாமி தொடங்குவார்:

“தம்பி, நீர் கையைக் கட்டிக்கொண்டிரும். பிள்ளை வாசிக்கப்போறான்.”

அந்த அறையில் ஒரு மின்விசிறியைத் தவிர வேறு இயந்திரம் கிடையாது. அதையும் என் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.