சுவரில் ஒட்டியிருக்கும் பையனைப் பற்றி அக்காவுக்கு

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும். அவர் சாப்பிடும் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை மெய்ப்புப் பார்த்தவன் நான்தான். அதில் உள்ள பக்க விளைவுகளை நினைத்தால் எனக்கே முழங்கால் ஆடுகிறது, ஆனாலும் அவர் தைரியமாகச் சாப்பிடட்டும். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான், அதுவும் எனக்கு மட்டும்தான், சரியில்லை.

போன் பண்ணாமல் இவன் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நீ நினைப்பாய். என் போன் செத்துவிட்டது. அது செத்த கதையும் இதிலேயே வருகிறது. என் மனைவியின் போனில் பேசலாம்தான், ஆனால் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் அவ்வப்போது திருத்துவாள். அதனால் அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளையில், மருந்துத் தாள்களுக்கு அடியில் ஒளித்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் மேஜை மேல் பழி போடாதே, யாராவது பக்கத்தில் வரும்போதெல்லாம் தாளை இழுத்து மூடுகிறேன்.

விஷயம் நம் பெண் குட்டியைப் பற்றியது. அவளை இந்த ஊடகப் படிப்பில் சேர்க்கச் சொன்னது அத்தான்தான். "பொண்ணு வாய் ஓயாம பேசுது, இதுல போட்டா பொழச்சுக்கும்" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான். இந்தப் பருவத்துக்கு மாணவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு பத்திரிகையைத் திட்டமிட்டு வடிவமைத்துக் கொடுக்க வேண்டுமாம். அட்டை, பொருளடக்கம், நடுவில் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு பேட்டி. கூடப் படிக்கிற பிள்ளைகள் தோட்டம், சமையல், குழந்தை வளர்ப்பு என்று மனிதன் உயிர் வாழத் தேவையான விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். நம் பெண் ராக் இசையை எடுத்துக்கொண்டாள். பத்திரிகையின் பெயர் 'கரகரப்பு'. இத்தனை வருட வேலையில் அந்தச் சொல்லை நான் இருமல் மருந்துத் தாளில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதுவும் 'நீடித்தால் உடனே மருத்துவரை அணுகவும்' என்ற வரிக்குப் பக்கத்தில்.

வேலை ஆரம்பித்த நாளிலிருந்து வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க வெட்டிய எழுத்துகள், கத்தரி, பசை. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பழைய பத்திரிகைகளில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டி, வேண்டுமென்றே கோணலாக ஒட்டுகிறாள். ஆளைக் கடத்திக்கொண்டு போனவர்கள்தான் அப்படிக் கடிதம் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கம் முழுவதும் கறுப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து. "இத யாரும்மா படிக்க முடியும்?" என்று கேட்டேன். "நீ பாக்கற தாள மட்டும் யாரு படிக்கிறாங்களாம்?" என்றாள். பேட்டி கொடுக்க ஒரு பாட்டுக் குழு வேண்டுமே, அதையும் அவளே கற்பனையாக உண்டாக்கினாள். குழுவின் தலைவியாக என் மனைவி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டு, ஒட்டடைக் கம்பைக் கிட்டாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். குட்டி முறைக்கச் சொன்னாள். என் மனைவி என்னைப் பார்த்தாள், முறைப்பு தானாக வந்துவிட்டது. நான் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தேன். இதெல்லாம் கற்பனை என்று தெரிந்ததால் எனக்கு இதில் பயமே இல்லை. பயம் பையனைப் பார்த்த பிறகு வந்தது.

ஆமாம் அக்கா, ஒரு பையன். குட்டியின் மேஜைக்கு நேர் எதிரே, நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி, சுவரில் அவன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். தோள் வரைக்கும் தலைமுடி, புருவத்தில் வளையம், கழுத்தில் ஹெட்போன். கண்ணில் ஒரு திருட்டு முழி. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, காரியம் ஆகும்வரை சிரித்துப் பேசுகிற ரகம். எந்த வீட்டில், யார் பெற்று, எப்படி வளர்த்த பிள்ளையோ. படத்துக்குக் கீழே குட்டி தன் கையால் அவன் ஜாதகத்தையே எழுதி வைத்திருக்கிறாள். வயது இருபத்திரண்டு. தனியாக வாடகை அறையில் இருக்கிறான். போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு ஓடுகிறவன். அப்பாவோடு பேச்சு இல்லை. எதற்கும் பயப்பட மாட்டான். இந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருக்கிறாள். எதற்கும் பயப்படாதவனைவிட ஆபத்தானவன் உலகத்தில் உண்டா, நீயே சொல்.

"யாரும்மா இது?" என்று, குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு கேட்டேன். "இவனாப்பா? இவனுக்காகத்தான் நான் இவ்வளவும் பண்றேன். இவனுக்குப் பிடிச்சிட்டா போதும், வேற யாரப் பத்தியும் எனக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டுப் பசை தேடப் போய்விட்டாள். நான் நாற்காலியைத் தேடினேன். என் மனைவியிடம் போய், அந்தப் பையனைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தேனே. எனக்கு முன்னாடியே பிடிச்சுப்போச்சு. அந்த முடிய மட்டும் வெட்டிட்டா போதும்" என்றாள். பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது? அவள் மேலும் சொன்னாள்: "அவன் இல்லாம எதுவும் நடக்காதுன்னு வாத்தியாரே சொல்லிட்டாராம்." ஆக வாத்தியார், அம்மா, பெண் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். விளக்குப் பிடிக்க மட்டும் நான்.

இது போதாதென்று மறுநாள் சாயங்காலம் குட்டி தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், அது கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அவன் அம்மாவ எடுத்துடலாம்டி" என்றாள் நம் பெண். நான் செருப்புத் தேடுவதை நிறுத்திவிட்டேன். "தேவையே இல்ல. அப்பா இருக்கட்டும், சண்ட போட ஆள் வேணும். அக்காவயும் தூக்கிடலாம்னு பாக்கறேன், ஆனா அவங்க கொஞ்சம் உதவியா இருக்காங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள் அக்கா. மாமியாரையும் நாத்தனாரையும் பற்றி இப்படிப் பேசும் பெண்ணையா நாம் வளர்த்தோம்? அன்றைக்கு நான் இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை. என் மனைவி உடனே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சரி, ஆளை நேரில் பார்த்துவிடுவோம் என்று துணிந்தேன். நான் துணிந்து ரொம்ப நாளாயிற்று, அதனால் முறை மறந்துவிட்டது. கடைத்தெருவில் போன் பழுது பார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கையில் காரணம் இல்லாமல் எப்படி ஏறி இறங்குவது? நன்றாக வேலை செய்துகொண்டிருந்த என் போனைக் காட்டி, "இது சரியில்ல, பாருங்க" என்றேன். அவர்கள் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசிக் கடையில் இருந்த பையனுக்கு முடி நீளம், வயதும் ஏறக்குறைய அதுதான். புருவத்தில் வளையம் இல்லை, வேலை நேரத்தில் கழற்றி வைத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். அவன் போனைத் திறக்கும்போதே விசாரணையை ஆரம்பித்தேன். "தம்பி, நீ பாட்டு கேப்பியா?" "கேப்பேன் சார்." "சத்தமாவா?" "ஏன் சார்?" "அப்பாவோட பேசறதுண்டா?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க, ஒருத்தர் உங்களப் பத்தியே கேக்கறாரு" என்றான். உள்ளே இருந்து, வாசலையே அடைக்கிற உடம்போடு ஒரு ஆள் வந்தார். நான் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்ததில் போனின் பாதி அந்தக் கடையிலேயே தங்கிவிட்டது. அதைக் கேட்டு வாங்கி வரும் தைரியம் நம் குடும்பத்தில் உனக்குத்தான் உண்டு.

எதிரியைத் தெரிந்துகொள்வோம் என்று குட்டி குளிக்கப் போன நேரத்தில் அவள் ஹெட்போனை மாட்டி அந்த இசையையும் கேட்டுப் பார்த்தேன். முதலில் யாரோ தகரக் கூரை மேல் மேஜை நாற்காலியை இழுத்துப்போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒருத்தி கத்த ஆரம்பித்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன், வேகமாகத்தான் இருந்தது. கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவள் அவ்வளவு வருத்தத்தோடு கத்தும்போது பாதியில் எழுந்து போவது மரியாதையாகப் படவில்லை. பாட்டு முடியும்வரை இருந்தேன். பிறகு, என்னால் முடிந்தது என்று, பேட்டிப் பக்கத்தை மெய்ப்புப் பார்த்துத் தருவதாகச் சொல்லி வாங்கினேன். அதில் அந்தக் கற்பனைப் பாடகி, 'வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றுதான் எனக்குக் குரல் வந்தது' என்கிறாள். அந்த வரியை அடிக்க எனக்கு உரிமை இல்லை. அடியில் சிறிய எழுத்தில், 'கிளம்புமுன் பெரியவர்களைக் கலந்தாலோசிக்கவும்' என்று சேர்த்தேன். குட்டி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சூப்பர்ப்பா, இருக்கட்டும்" என்றாள். எச்சரிக்கையைப் படித்துச் சிரிக்கிறவர்களை என்ன செய்ய முடியும்?

இப்போது முக்கியமான விஷயம். வெள்ளிக்கிழமை கல்லூரியில் எல்லோர் முன்னாலும் பத்திரிகையைக் காட்டி விளக்க வேண்டுமாம், வீட்டாரும் வரலாமாம். நேற்று குட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, நீ கண்டிப்பா வரணும். அன்னிக்கு அவன எல்லாருக்கும் அறிமுகம் பண்ணப்போறேன். நீ இல்லன்னா நல்லா இருக்காது" என்றாள். தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யார் பென்சிலை யார் எடுத்தார்கள் என்பதுவரை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள். இவ்வளவு பெரிய விஷயத்தை இப்போது சபையில் வைத்துத்தான் சொல்லப்போகிறாள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்குப் பையன் மேல் பயம் இல்லை. அவள் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாளோ என்றுதான் பயம்.

ஆகவே நீயும் அத்தானும் வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். நீ அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்தால் போதும், ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவாய். மனிதர்களை எடைபோடுவதில் உனக்கு நிகர் கிடையாது. அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும், முடிந்தால் ஊடகப் படிப்பு இல்லாமலும் வாழ என் ஆசிகள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் சொல் மீறாத,
தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். இன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். அஞ்சல் பெட்டிக்குள் போட்டால் அது உள்ளே விழுந்ததா, ஓரத்தில் சிக்கியதா என்று தெரியாதே என்ற பயத்தில் இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். குட்டி மேடையேறினாள். திரையில் அந்தப் பையன் வந்தான். நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இவன்தான் என் பத்திரிகையோட வாசகன்" என்றாள். "இப்படி ஒருத்தன் கிடையாது. யாருக்காகப் பண்றேன்னு தெரியணும்னு நானா உருவாக்கினது." எல்லா மாணவர்களும் ஆளுக்கொரு வாசகரை இப்படித்தான் உருவாக்க வேண்டுமாம். தோட்டப் பத்திரிகைக்காரி, ரோஜாச் செடியோடு பேசுகிற, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை உருவாக்கியிருந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்தவர் கையைக் காரணமில்லாமல் குலுக்கினேன்.

அப்போது வாத்தியார், இந்த முகம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். "எங்கப்பாவோட பழைய போட்டோ சார். முடியும் வளையமும் நான் சேர்த்தது" என்றாள் குட்டி. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். படத்தையும், நான் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வாடகை அறையில் கிடந்து ரேடியோ பழுது பார்த்த கதையையும் போனில் அனுப்பி வைத்தது நீதானாமே அக்கா. ரேடியோவை அவள் போனாக மாற்றிக்கொண்டாளாம், நம் அம்மாவையும் இடமில்லை என்று எடுத்துவிட்டாளாம். மேலே அவனைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி, திருட்டு முழியை முதலில் அடி.

திரும்பும்போது பேருந்தில் குட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நல்ல மதிப்பெண் வரும் என்று வாத்தியார் சொன்ன சந்தோஷம் அவளுக்கு. கொஞ்ச தூரம் போனதும், "ஏம்பா, நீ அப்ப எதுக்குமே பயப்பட மாட்டியாமே, அத்தை சொன்னாங்க. இந்தப் பயமெல்லாம் எப்பப்பா வந்துச்சு?" என்று கேட்டாள். "நீ பொறந்த அன்னிக்கு" என்றேன்.